போகும்போது மட்டும் உதறுது

லாரியை மச்சானிடம் கொடுத்துவிடலாம் என்று லாரிக்காரர் சொன்னபோது அவர் மனைவி "சரி" என்றாள். அவ்வளவுதான். ஒரு துடைப்பம் வாங்குவதற்கே கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டு வருகிறவள் அவள். கல்யாணமான புதிதிலிருந்து ஓட்டிவரும் வண்டியை விடப்போகிறேன் என்று புருஷன் சொல்கிறார், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு இடுப்பு வலி என்று ஒரு பொய்யை அவர் தயார் செய்து வைத்திருந்தார். அதற்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

"தம்பிய ஞாயித்துக்கிழமை வரச் சொல்லவா?" என்றாள்.

"சொல்லு."

"குடுக்குறதுக்கு முன்னாடி பட்டறையில ஒருதடவ காட்டிடுங்க. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, மாமா ஓட்டை வண்டிய என் தலையில கட்டிட்டாருன்னு அவன் சொல்லக் கூடாது."

வண்டியைவிடத் தம்பியின் தலை முக்கியமாகிவிட்டது என்று லாரிக்காரர் நினைத்துக்கொண்டார். அவருக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. ஆனால் வருத்தப்படுகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்பதில் சந்தேகமும் இருந்தது. உண்மையான காரணத்தைச் சொல்லாதவர் அவர்தானே.

காரணம் கை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை உதறியது.

அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணன் பெரிய லாரி ஓட்டியவர். முதலில் லேசாகக் கை நடுங்கியது, யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் குடோன் கேட்டை இடித்துவிட்டு இறங்கி வந்தார், அதற்குப் பிறகு வண்டியில் ஏறவில்லை. இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணி அவருக்கு டீயை அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுப்பாள். முழு டம்ளர் கொடுத்தால் மேலே கொட்டிக்கொள்வார். அந்த அரை டம்ளரைப் பார்க்கவே பயந்து லாரிக்காரர் அண்ணன் வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துவிட்டார்.

டாக்டரிடம் போகலாம்தான். போனால் அவர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். பெயர் வைத்துவிட்டால் அது வீட்டில் ஒரு ஆளாகிவிடும். ஆகவே லாரிக்காரர் வைத்தியத்தைக் குளியலறையிலேயே வைத்துக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டு, கையை நீட்டி, விரல்மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்ப்பார். காகிதம் ஆடும். உற்றுப் பார்த்தால் யார் கையில் வைத்த காகிதமும் ஆடத்தான் செய்யும் என்பது அவருக்குத் தெரியாது.

முதலில் அவரும் வண்டியைத்தான் சந்தேகப்பட்டார். டயரை மாற்றிப் போட்டார், காற்று பார்த்தார். ஆனால் போகப் போக ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. காலையில் வேலைக்குப் போகும்போது உதறும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது உதறாது. அதே வண்டி, அதே சாலை, பின்னால் அதே ட்ரெய்லர். வேலைக்குப் போகிறோமா வீட்டுக்கு வருகிறோமா என்பது வண்டிக்குத் தெரியுமா? அது மனிதனுக்குத்தான் தெரியும். அப்படியென்றால் கோளாறு மனிதனிடம்தான் என்று முடிவு கட்டினார். இதை உறுதி செய்கிற மாதிரி, போன வாரம் வேலை நடக்கும் இடத்துக்கு வந்த மச்சான் வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்து, "பட்டு மாதிரி போகுது மாமா" என்றான். அன்று ராத்திரி படுக்கும்போதே சாவியைக் கொடுத்துவிடுவது என்று அவர் மனதுக்குள் தீர்மானித்துவிட்டார்.

வேலை என்றால், கட்டடம் கட்டும் இடங்களுக்கு சிமென்ட் கலவை மெஷினைக் கொண்டுபோவது. ஒரு சின்ன லாரி, அதற்குப் பின்னால் கொக்கியில் மாட்டிய ட்ரெய்லர், ட்ரெய்லரின் பின்பக்கம் மெஷின். அவர் ஓட்டுவார். மெஷினை இயக்குவது அவர் மனைவி. மணல் எத்தனை சட்டி, ஜல்லி எத்தனை சட்டி, தண்ணீர் எவ்வளவு என்பதெல்லாம் அவள் கணக்கு. அதில் மேஸ்திரிகள்கூடத் தலையிடுவதில்லை. நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்றபடியேதான் வேலை செய்வாள்.

சில இடங்களில் தண்ணீருக்கு அல்லாட வேண்டியிருந்தது. அதனால் இரண்டு மாதம் முன்பு ஒரு நீலத் தொட்டி வாங்கி ட்ரெய்லரிலேயே ஏற்றச் சொன்னாள். பின்னால் மெஷின் இருந்ததால் தொட்டி முன்னால், கொக்கியை ஒட்டி உட்கார்ந்தது. நகர்த்த முடியவில்லை, சுற்றிப் போக முடியவில்லை, எது எடுக்கப்போனாலும் குறுக்கே நின்றது. இரண்டே நாளில் அவள் அதற்கு நாத்தனார் என்று பெயர் வைத்துவிட்டாள். லாரிக்காரருக்கு ஒரே தங்கச்சி. எந்தக் காரில் போனாலும் முன்சீட்டில்தான் உட்காருவாள். பெயர்ப் பொருத்தம் சரியாக இருந்ததால் அவரால் கோபப்படவும் முடியவில்லை.

காலையில் இருட்டோடு கிளம்புவார்கள். எதிரே வருகிறவர்கள் எல்லாம் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். "என்னங்க, இப்பல்லாம் எல்லாரும் உங்களுக்கு வணக்கம் வைக்கிறாங்க" என்று அவள் சொல்வாள். அவர் விளக்கைத் தாழ்த்திப் பார்ப்பார், அப்போதும் காட்டுவார்கள். நடுங்குகிற கையோடு ஓட்டுவது வெளியே தெரிகிறதோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. பயம் வந்துவிட்டால் மனிதனுக்கு எதுவும் தோன்றும். அவள் அதிகம் பேசாமல், கொஞ்ச நாளாகப் பழகிக்கொண்டபடி காலை மடக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டதற்குக் கீழே குளிருகிறது என்றாள்.

சனிக்கிழமை காலை, ட்ரெய்லரோடு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரரை எல்லோரும் காது என்று கூப்பிடுவார்கள். எஞ்சின் மேல் காதை வைத்துக் கேட்டே பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவார். மனிதர்கள் பேசுவதைத்தான் அவ்வளவு கவனமாகக் கேட்கமாட்டார். கையில் ஸ்பானரோடு வந்து ஜன்னலில் சாய்ந்துகொண்டு, "என்னண்ணே, மூஞ்சியே சரியில்ல. என்ன பிரச்சனை?" என்றார்.

லாரிக்காரர் ஸ்டியரிங் மேலிருந்த தன் கைகளைப் பார்த்தார். வீட்டில் சொல்ல முடியாததை வெளியாளிடம் சொல்லிவிடலாம் போலிருந்தது. எப்படியும் நாளையோடு எல்லாம் முடிகிறது.

"உதறுது" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மாசமா."

"நிக்கும்போதா, ஓடும்போதா?"

"ஓட்டும்போதுதான். அறுபத நெருங்கினா."

"எந்தப் பக்கம் ஜாஸ்தி?"

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான்."

"வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"இல்ல. சொல்றதுக்கே பயமா இருந்துச்சு."

"இதுல என்ன பயம்? வயசாச்சுன்னா எல்லாத்துக்கும் வர்றதுதான். பிரிச்சுப் பாத்துட்டா தெரிஞ்சுடும்."

"பிரிச்சா?"

காது அதற்குள் குனிந்து முன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் லாரிக்காரருக்குப் புரிந்தது. உதறுது என்று சொன்னால் போதும், எது என்று சொல்லவேண்டியதில்லை. நம் பேச்சில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. சொன்னவர் கையை நினைத்துச் சொன்னார், கேட்டவர் ஸ்டியரிங்கை நினைத்துக் கேட்டார். இருவரும் பாதி வைத்தியம் வரை போய்விட்டார்கள்.

அவர் திருத்தவில்லை. திருத்த வாயெடுத்தார், மூடிக்கொண்டார். ஒருவேளை இந்த மனுஷன் சொல்கிற மாதிரி அது வண்டியாகவே இருந்துவிட்டால் என்று ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. அதை விரட்ட மனம் வரவில்லை.

முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி பேலன்ஸ் மெஷினில் சுற்றவிட்டார் காது. சரியாக இருந்தன. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். ஸ்டியரிங் ராடின் முனையிலிருக்கும் பால் ஜாயின்ட் லேசாக ஆட்டம் கொடுத்தது. "இந்த வயசு வண்டிக்கு இதுகூட இல்லன்னா எப்படி?" என்று அதை மன்னித்து விட்டுவிட்டார். பிறகு ட்ரெய்லரோடு சாலைக்கு ஓட்டிப்போனார். லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வேகம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது. அறுபது. எழுபது. காது இரண்டு விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் காதைக் குடைந்தார்.

"வண்டி சுத்தம்ணே. உங்களுக்குத்தான் ஏதோ பிரமை."

சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். அந்த ஆசையை அப்போதே விரட்டியிருக்கலாம் என்று லாரிக்காரருக்கு இருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். காது கையில் சோப்பைத் தடவிக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லலையே ஒண்ணு" என்றார் லாரிக்காரர். "போகும்போது மட்டும்தான் உதறும். வேலைய முடிச்சுட்டு வரும்போது உதறாது."

காது சிரித்தார். "அது எப்படிண்ணே? வேலைக்குப் போறது புடிக்கலன்னு வண்டி முரண்டு புடிக்குதா?"

"அதத்தான் நானும் சொல்றேன். வண்டிக்குத் தெரியாது. இது வண்டி இல்ல. இங்க பாரு." அவர் எழுந்து நின்று, குளியலறையில் நீட்டுகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினார்.

காது பார்க்கவில்லை. சோப்புக் கையோடு ட்ரெய்லர் பக்கம் போய் நீலத் தொட்டியின் குழாயைத் திறந்திருந்தார். ஒரு சொட்டு விழுந்தது, அதோடு நின்றது.

"என்னண்ணே, இதுல தண்ணியே இல்ல?"

"வேலை முடிஞ்சா காலியாத்தான இருக்கும். காலையில வீட்டுலேர்ந்து கிளம்பும்போது ரொப்புவோம்."

"ரொப்பி, அத்தோட ஓட்டிக்கிட்டுப் போவீங்க."

"ஆமா."

"வரும்போது காலி."

"ஆமா. அங்க எல்லாம் கலவைக்குப் போயிடும்."

காது நுரை வழியும் கைகளை முன்னால் நீட்டியபடி நின்றார். ஒரு கணம் இருவருமே ஒருவர் எதிரே ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு காது, "எவ்வளவு புடிக்கும்?" என்று கேட்டார்.

"ஐநூறு லிட்டர்."

"அரை டன்னு. அரை டன்ன கொக்கி மேல உக்கார வெச்சுக்கிட்டு, என்கிட்ட காலி வண்டியக் காட்டினா நான் என்னத்தக் கண்டுபிடிக்கிறது?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. தன்மேலும் கொஞ்சம் இருந்தது, அதைச் சொல்லவில்லை. ட்ரெய்லரில் தொட்டியைப் பார்த்தும் உள்ளே என்ன என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

பட்டறைக் குழாயிலிருந்து ஹோஸை இழுத்துத் தொட்டியில் போட்டார்கள். தண்ணீர் ஏற ஏற லாரியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது, மூக்கு மேலே தூக்கியது. காது முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கைமுட்டியை விட்டுப் பார்த்தார். தண்ணீர் விடுவதற்கு முன்பு இறுக்கமாகப் போன முட்டி இப்போது உள்ளே சும்மா சுற்றியது. பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும், முன் சக்கரத்துக்கு மேல் பாரம் குறையும், இதுவரை பாரம் அமுக்கி வைத்திருந்த ஆட்டம் எல்லாம் வெளியே வரும் என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். "எதிர்ல வர்றவன் லைட்டு போட்டுக் காட்டுவானே?" என்று கேட்டார். காட்டுவார்கள் என்றார் லாரிக்காரர். "உங்க லைட்டு அவன் கண்ணுலல்ல அடிக்குது."

அதே சாலை. ஐம்பது வரை ஒன்றுமில்லை. ஐம்பத்தைந்தில் ஸ்டியரிங் முணுமுணுக்க ஆரம்பித்தது. அறுபதில், அதைப் பிடித்திருந்த காதின் கைகள் இரண்டும் உதறின. முழங்கை வரை உதறியது. சட்டைக் கையின் நுனி படபடத்தது. காலடித் தகடுகூடத் தடதடத்தது, அதைக் கவனிக்க லாரிக்காரருக்கு நேரமில்லை. அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை இன்னொருவருடைய கைகள். அவருக்கு அழுகை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வந்துட்டான் பாருங்க" என்றார் காது, நல்ல சந்தோஷத்தோடு.

பால் ஜாயின்டை மாற்றுவதற்கு மத்தியானம் ஆனது. தொட்டியை நகர்த்துவதுதான் பெரிய பாடு. நாத்தனாரை நகர்த்த வீட்டம்மா வரவேண்டும் என்று லாரிக்காரர் போன் செய்து மனைவியை வரவழைத்தார். ஸ்டியரிங்கில் கோளாறு, தொட்டியால் வந்தது என்று மட்டும் சொன்னார். கையைப் பற்றிச் சொல்லவில்லை. இனி எதற்கு என்று நினைத்தார்.

அவள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு ட்ரெய்லரைச் சுற்றிவந்தாள். மெஷினைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, தொட்டியைச் சக்கரத்துக்கு நேர் மேலே கொண்டுவரவேண்டும் என்றார் காது. குழாய் எட்டாது என்றாள். நீளக் குழாய் போடலாம் என்றார். மெஷினுக்கும் தொட்டிக்கும் நடுவே சட்டி நுழையாது என்றாள். சட்டியை வேறு பக்கம் வைக்கலாம் என்றார். "நாத்தனாரக் கிளப்பணும்னா நானும் ரெடிதான். ஆனா எல்லாத்தையும் இடம் மாத்திட்டுத்தான் போவா போலிருக்கு" என்றாள். காதுக்கு இது விளங்கவில்லை. எந்த நாத்தனார் என்று கேட்காமல் தலையை ஆட்டினார்.

எல்லாம் மாற்றி, தொட்டியை ரொப்பி, மூன்று பேரும் ஏறினார்கள். இந்தத் தடவை லாரிக்காரரே ஓட்டினார். நடுவில் காது, ஜன்னலோரம் அவள். அவள் ஏறியதும் வழக்கம்போலக் காலைத் தூக்கி சீட்டில் வைக்கப் பார்த்தாள். நடுவில் ஆள் இருந்ததால் இடமில்லை, கீழேயே வைத்துக்கொண்டாள்.

ஐம்பது தாண்டியது. லாரிக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். என்னதான் கண்ணால் பார்த்திருந்தாலும், இது காதின் கையில்லை, தன்னுடைய கை. அறுபது வந்தது. அறுபத்தைந்து. எழுபது வந்தபோது ஸ்டியரிங் அவர் கையில் சும்மா இருந்தது. கையும் சும்மா இருந்தது.

காது சாலையைப் பார்த்தபடி, "உதறுதா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் லாரிக்காரர்.

"இல்ல" என்றாள் அவள்.

காது அவள் பக்கம் திரும்பினார். "அண்ணி, ஸ்டியரிங்கு அவர்கிட்ட இருக்கு."

அவள் குனிந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகட்டின்மேல் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தாள். நிமிராமலே, "நான் காலச் சொன்னேன்" என்றாள்.

"காலா?" என்றார் லாரிக்காரர். "காலுக்கு என்ன?"

"உதறும். போகும்போது மட்டும். வரும்போது ஒண்ணும் இருக்காது." ஒரு பாதத்தை எடுத்துத் திரும்பத் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். "எங்கம்மாவுக்கும் கால்லதான் ஆரம்பிச்சுது."

அவருடைய மாமியார் கடைசிக் காலத்தில் நடக்கமுடியாமல் படுத்துக் கிடந்தது அவருக்கு நினைவு வந்தது. சீட்டின்மேல் மடக்கி வைத்த காலும், குளிருகிறது என்று அவள் சொன்னதும் நினைவு வந்தன. இரண்டு மாதமாக ஒரே தகட்டின்மேல், ஒரே கோளாறு, இருவரையும் உதறியிருக்கிறது. இரண்டு பேரும் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?" என்றார். குரல் கோபமாக வந்தது. கோபம் இல்லை அது.

"மெஷின்கிட்ட நிக்க முடியாமப் போச்சுன்னா நீங்க தனியா என்ன பண்ணுவீங்கன்னு அதே நெனப்பு. எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். நீங்களே வண்டிய விடுறேன்னு சொன்னீங்களா, தப்பிச்சோம்னு இருந்துச்சு."

"அதான் சரின்னியா?"

"ம்."

லாரிக்காரர் வேகத்தைக் குறைக்கவில்லை. "எனக்குக் கை" என்றார்.

"என்ன கை?"

"உதறுச்சு. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

அவள் நடுவிலிருந்த காதைத் தாண்டி எட்டி அவர் கைகளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். காது சீட்டில் முடிந்தவரை பின்னால் ஒண்டிக்கொண்டு, தன்னிடம் யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று சாலையைப் பார்த்தார்.

"வண்டியத் திருப்பவாண்ணே?" என்று கடைசியில் அவரே கேட்டார். "பட்டறையத் தொறந்து போட்டுட்டு வந்திருக்கேன்."

"கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பலாம்" என்றார் லாரிக்காரர். எழுபதிலேயே போய்க்கொண்டிருந்தது வண்டி.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஞாபகம் வந்தவள் மாதிரி, "தம்பி நாளைக்கு வர்றான்" என்றாள்.

"வரட்டும்" என்றார் அவர். "சாப்பிட்டுட்டுப் போகட்டும்."